பச்சைப் பெட்டியின் நெட்டைச் செடிகள்: வண்ண ஒளியில் செடி வளர்த்துப் பார்ப்பது எப்படி?

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக நான்கு செருப்புப் பெட்டிகளை எடுத்தோம். மூடியைச் சதுரமாக வெட்டி, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, மிச்சமிருந்ததற்கு நிறமே இல்லாத செலோபேன் தாள் ஒட்டினோம். பெட்டிக்குப் பத்து முள்ளங்கி விதை. நான்கையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்தாயிற்று. பன்னிரண்டாம் நாள் திறந்தால், பச்சைப் பெட்டியில் இருந்தவை மூடியை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அளவுகோலில் 11 சென்டிமீட்டர். நிறமில்லாத தாளின் கீழ் வளர்ந்தவை 5ஐத் தாண்டவில்லை.

"அம்மா, பச்சை ஒளி செடிக்கு உதவாதுன்னு புத்தகத்தில் போட்டிருக்கு. இங்கே அதுதான் ஜெயிச்சிருக்கு!"

எனக்கும் பெருமைதான். சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதியும் விட்டோம். பார்க்க வந்த ஓர் ஆசிரியை பச்சைப் பெட்டிச் செடி ஒன்றை விரல் நுனியால் தொட்டார். அது அப்படியே படுத்துக்கொண்டது. "எடை போட்டுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மகள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதற்கப்புறம் வெவ்வேறு விதமாகப் பலமுறை செய்து பார்த்துவிட்டேன். அந்தக் கண்காட்சியில் நாங்கள் கோட்டை விட்டவை இரண்டு. உயரத்தை வளர்ச்சி என்று நினைத்தோம். நிறத்தை மட்டும் மாற்றியதாக நினைத்துக்கொண்டு ஒளியின் அளவையும் சேர்த்து மாற்றிவிட்டோம். வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பொறுமைதான்.

இலை எந்த நிறத்தை எடுத்துக்கொள்கிறது?

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை என்று கணக்கு. தோராயமாக 400 முதல் 500 வரை நீலம், 500 முதல் 600 வரை பச்சையும் மஞ்சளும், 600 முதல் 700 வரை சிவப்பு. பச்சையத்தில் ஏ, பி என்று இரண்டு வகை. ஏ வகை 430க்கும் 660க்கும் அருகில் உள்ள ஒளியை நன்றாக உறிஞ்சும். பி வகை 450க்கும் 640க்கும் அருகில். இரண்டுமே நீலத்திலும் சிவப்பிலும்தான் அதிகம் வேலை செய்கின்றன. 1882இல் ஜெர்மானியரான எங்கல்மான் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார். நூல் போன்ற ஒரு பாசியின் மேல் முப்பட்டகத்தால் பிரித்த வண்ண ஒளியை விழவைத்து, ஆக்சிஜனைத் தேடிப் போகும் பாக்டீரியாக்களைக் கூடவே விட்டார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் போய் மொய்த்தன. அங்கேதான் ஆக்சிஜன் அதிகம் வந்துகொண்டிருந்தது.

இதிலிருந்துதான் "பச்சை வீண்" என்ற பேச்சு பிறந்தது. பாதி உண்மை. பச்சையத்தைக் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்தால் பச்சை ஒளியில் பெரும்பகுதி அதைக் கடந்து போய்விடும். இலை அப்படிக் கிடையாது. உள்ளே செல்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் இடையில் ஒளி முட்டி மோதித் திரிகிறது. முதல் முறை தப்பித்த பச்சை ஒளி ஐந்தாவது முறை மாட்டிக்கொள்ளும். சாதாரணமான ஓர் இலை சிவப்பிலும் நீலத்திலும் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்கிறது என்றால், பச்சையிலும் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. திருப்பி அனுப்பும் கொஞ்சம்தான் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. இன்னொன்று: சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்கிலேயே தீர்ந்துபோகும். அடியடுக்குச் செல்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது பச்சைதான். 1970களின் தொடக்கத்தில் கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறமாக வைத்து அளந்தார். சிவப்பு முதலில் வந்தது. நீலமும் பச்சையும் அதற்குக் கீழே, ஆனால் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.

நீலம் ஏன் பின்தங்குகிறது? ஒளி துகள் துகளாகத்தான் வருகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளித்துகளில் 660 நானோமீட்டர் சிவப்புத் துகளைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது. ஆனால் பச்சையம் அந்த உபரியை நொடிப்பொழுதில் வெப்பமாக விட்டுவிட்டு, சிவப்பு அளவுக்குத்தான் கணக்கில் வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நீலத்தில் ஒரு பங்கை இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் வாங்கிக்கொண்டு, அதை முழுசாகக் கைமாற்றுவதும் இல்லை.

ஆக, ஒளிச்சேர்க்கைக்கு எண்ண வேண்டியது ஒளித்துகள்களை. இது மனதில் நின்றுவிட்டால் அடுத்து வரும் தொல்லை ஏன் என்று புரியும்.

பெட்டியும் விளக்கும்

செலோபேனை விட்டுவிட்டு, நிறம் மாற்றும் எல்இடி பட்டை விளக்கு வாங்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக எரியும், ரிமோட்டில் மங்கவைக்கலாம். இவற்றில் பெரும்பாலும் சிவப்பு 625, பச்சை 525, நீலம் 465 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். நான்காவது பெட்டிக்கு வெள்ளை எல்இடி. முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டைப்பெட்டிகள் போதும். உள்ளே அலுமினியத் தாள் ஒட்டினால் ஒளி வீணாகாது. பட்டையைச் சுருட்டி மூடியின் உள்பக்கம் நெருக்கமாக ஒட்டவும். பக்கவாட்டில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, வெளி வெளிச்சம் உள்ளே வராதபடி அதன்மேல் கறுப்புத் தாளை மடித்துத் தொங்கவிடுங்கள். மின்மாற்றி பெட்டிக்கு வெளியே, தண்ணீர் சிந்தாத உயரத்தில் இருக்கட்டும்.

இப்போது அளவைச் சமமாக்க வேண்டும். இங்கேதான் இரண்டாம் முறை நான் மூக்குடைபட்டேன். கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டு, நான்கு பெட்டியிலும் ஒரே எண் வரும்வரை ரிமோட்டைத் தட்டி, எல்லாம் 2,000 லக்ஸ் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். இருப்பதிலேயே மோசமான யோசனை அது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவுகோல். நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில் மிகக் கூர்மை, நீலத்திலும் ஆழ்ந்த சிவப்பிலும் அரைக்குருடு. அதனால் ஒரே லக்ஸ் வைத்தால் நீலப் பெட்டிக்குப் பச்சைப் பெட்டியைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் ஒளித்துகள்கள் போகும்!

ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஒரு மைக்ரோமோல் (டஜன் மாதிரி, துகள்களை எண்ண ஓர் அலகு) ஒளித்துகள் விழுந்தால் மீட்டர் காட்டும் லக்ஸ், மேலே சொன்ன அலைநீளங்களுக்குத் தோராயமாக இப்படி: நீலம் 13, சிவப்பு 42, பச்சை 123. வெள்ளை எல்இடிக்கு 70ஐ ஒட்டி. ஆகவே எல்லாப் பெட்டிக்கும் 50 மைக்ரோமோல் தர நினைத்தால், நீலத்தில் 650 லக்ஸ், சிவப்பில் 2,100, பச்சையில் 6,150, வெள்ளையில் 3,500. திறந்து பார்த்தால் பச்சைப் பெட்டி கண்ணைப் பறிக்கும், நீலப் பெட்டி ஏதோ மங்கலாக இருப்பதுபோலத் தோன்றும். செடிக்கு இரண்டும் ஒன்று. கண்ணை நம்பி நீலத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

உங்கள் பட்டையின் அலைநீளம் ஐந்து நானோமீட்டர் தள்ளியிருந்தாலும் இந்த எண்கள் நகரும், நீலத்தில் கொஞ்சம் அதிகமாகவே. கைபேசியின் சென்சாரும் துல்லியமான கருவி கிடையாது. இருந்தாலும் ஒன்பது மடங்குத் தவறைவிட இது எவ்வளவோ மேல். ஒளித்துகளை நேரடியாக எண்ணும் மீட்டர் கல்லூரி ஆய்வகத்தில் இரவல் கிடைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஏதாவது ஒரு பெட்டி 50ஐ எட்டவில்லையென்றால், எது பலவீனமோ அதன் அளவுக்கு மற்றதைக் குறையுங்கள்.

விதைப்பதற்கு முன் விதையை எடை போடுங்கள்

பெட்டிக்கு 20 முள்ளங்கி விதை. உடைந்தது, சுருங்கியது தள்ளிவிட்டு ஒரே அளவில் பொறுக்கவும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் இருபதையும் சேர்த்து நிறுத்து, எண்ணைப் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். கழுவிய மணலில் விதையுங்கள். மண் என்றால் கடைசியில் வேரைச் சுத்தமாகக் கழுவி எடுக்க முடியாது. பஞ்சில் வேர் சிக்கிக்கொள்ளும், அனுபவத்தில் சொல்கிறேன். டைமர் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் விளக்கு எரியட்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர். ஐந்தாவதாக, விளக்கே இல்லாத இருட்டுப் பெட்டி ஒன்றையும் வைப்பது நல்லது. அதுதான் மற்றவற்றைப் புரியவைக்கும்.

இரண்டு வாரம் கழித்து முதலில் சும்மா பாருங்கள். வெள்ளை விளக்கின் கீழ் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும், படமும் அங்கேதான் எடுக்க வேண்டும். நீலப் பெட்டிச் செடிகள் என் வீட்டில் குட்டையாக, இலை அடர்ந்த பச்சையாக, தண்டு தடித்து இருந்தன. நீல ஒளியை கிரிப்டோகுரோம் என்ற ஏற்பி பிடித்து, தண்டு நீள்வதை அடக்குகிறது. இலைத்துளைகள் நன்றாகத் திறப்பதற்கும் நீலம் வேண்டும். ஆனால் இதை எல்லாச் செடிக்கும் சட்டமாக்க வேண்டாம். தனி நீலத்தில் நீண்டுபோகும் செடிகளும் உண்டு. சிவப்புப் பெட்டியில் உயரம் கூடி, இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. ஒளிச்சேர்க்கைக்கு முதலிடம் பிடித்த நிறம் தனியாக விட்டால் செடியைச் சரியாக உருவாக்குவதில்லை. நெதர்லாந்தில் வெள்ளரியில் பார்த்திருக்கிறார்கள்: சிவப்போடு 7 சதவீதம் நீலம் சேர்த்ததுமே ஒளிச்சேர்க்கையின் கோளாறு நீங்கிவிட்டது. சாப்பாட்டில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பெட்டியில் நடுத்தரம், சற்றே ஒல்லி.

இருட்டுப் பெட்டிதான் எல்லாவற்றையும்விட உயரம். வெளிறிய மஞ்சள், நூல் மாதிரி தண்டு.

இனி ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருவோம். வேரோடு பிடுங்கி, மணலைக் கழுவி, ஒரு பெட்டிச் செடிகளை ஒரு காகித உறையில் போட்டு, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. காய்வதற்கு முன் நிறுக்கக் கூடாது, பாதிக்கு மேல் தண்ணீரைத்தான் நிறுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இருட்டுப் பெட்டியின் எடை, நீங்கள் போட்ட விதையின் எடையைவிடக் குறைவாக இருக்கும். முதல் தடவை தராசு பழுது என்று நினைத்து மறுபடி நிறுத்தேன். பழுது இல்லை. விதைக்குள் இருந்த சேமிப்பை எரித்து எரித்துத்தான் அந்தச் செடி நெட்டையாகியிருக்கிறது. எரித்தது கரியமில வாயுவாகக் காற்றோடு போயிற்று. வருமானம் ஒரு பைசா இல்லாமல் செலவு மட்டும். கண்காட்சியில் "ஜெயித்த" எங்கள் பச்சைப் பெட்டியும் இதே குடும்பம்தான். செலோபேன் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது, அந்தச் செடிகள் வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கின்றன.

செலோபேன் செய்த இன்னொரு வேலை

ஒளி குறைந்தது மட்டுமில்லை. 700க்கு அப்பால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் தொலைச்சிவப்பு ஒளியை வண்ணச் செலோபேன்கள் ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். இலையும் அதைத்தான் செய்கிறது: சிவப்பை எடுத்துக்கொண்டு தொலைச்சிவப்பைக் கீழே அனுப்பிவிடும். ஆகவே சிவப்பு குறைந்து தொலைச்சிவப்பு மிகுந்தால், "தலைக்கு மேல் வேறொரு செடி இருக்கிறது" என்றுதான் கீழே இருக்கும் செடிக்கு அர்த்தம். முந்திக்கொள்ளத் தண்டை நீட்டும். 660, 730 நானோமீட்டர் ஒளிகளுக்கு இடையில் ஸ்விட்சு போல மாறி மாறிப் புரளும் பைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதைக் கணக்குப் பார்க்கிறது. பச்சைத் தாளை ஒட்டியபோது நாங்கள் வீட்டுக்குள் ஒரு மரநிழலைத் தயாரித்திருக்கிறோம், தெரியாமலே.

இந்த ஸ்விட்சைக் கண்டுபிடித்த சோதனை அழகானது. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளுக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தன, உடனே தொலைச்சிவப்பு காட்டினால் முளைக்காமல் நின்றன. மாற்றி மாற்றிக் காட்டினால் கடைசியாகப் பார்த்த ஒளி எதுவோ அதன்படி நடந்தன.

அரை மணியில் முடியும் சோதனை

இரண்டு வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும், ஒளிச்சேர்க்கையை மட்டும் தனியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது. 300 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூனில் பாதி சமையல் சோடா கரைக்கவும். இலைக்குக் கரியமில வாயு அதிலிருந்து கிடைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு, நுரைக்கக் கூடாது. பாலக்கீரை மாதிரி மெல்லிய இலையில், நடு நரம்பை விட்டு, காகிதத்துக்கு ஓட்டை போடும் கருவியால் பத்து வட்டங்கள் வெட்டுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சுக்குள் வட்டங்களையும் கொஞ்சம் கரைசலையும் போட்டு, காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுத்துப் பத்து நொடி பிடியுங்கள். விரலை எடுங்கள். இலைக்குள் இருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் கரைசல் புகும். இரண்டு மூன்று முறை செய்தால் வட்டங்கள் கனத்து அடியில் போய் உட்காரும்.

கண்ணாடி டம்ளரில் கரைசலோடு ஊற்றி விளக்குக்கு நேர் கீழே, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். ஆக்சிஜன் குமிழ் சேரச்சேர ஒவ்வொரு வட்டமாக எழும்பும். முதலில் ஓரம் லேசாகத் தூக்கும், செங்குத்தாக நிற்கும், திடீரென்று விர்ரென்று மேலே. பத்தில் ஐந்து மிதக்க எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஒளித்துகள் அளவு சமமாக இருந்தால் சிவப்பு முந்தும். பச்சை எழும்பவே எழும்பாது என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்பார்கள். மிதக்கும் வட்டங்களை அப்படியே இருட்டில் வைத்தால் மெல்ல மெல்லத் திரும்ப மூழ்கும், சேர்த்த ஆக்சிஜனை மூச்சாக இழுத்துக்கொள்வதால். பிள்ளைகளுக்கு எழும்புவதைவிட இந்த மூழ்குவதுதான் பிடிக்கிறது.

செடி வளர்க்க எந்த விளக்கு?

சோதனை வேறு, வளர்ப்பு வேறு. வளர்க்க வேண்டுமென்றால் வெள்ளை எல்இடியை வாங்குங்கள், 4,000 முதல் 5,000 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண்) வரை எழுதியிருப்பதாக. வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு, அதனால் செடிக்கு வேண்டிய நீலம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த கத்திரிப்பூ நிற விளக்கை ஒரு வருடம் வைத்திருந்தேன். செடி வளர்ந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒளியில் இலை கறுப்பாகத் தெரிகிறது. அசுவினி பூச்சி இலையடியில் குடும்பம் நடத்தியதே தெரியவில்லை. இலை மஞ்சளாவதும் தெரியாது. விண்வெளி நிலையத்தில் 2015 ஆகஸ்டில் வீரர்கள் பறித்துத் தின்ற லெட்யூஸ் வளர்ந்த பெட்டியிலும் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் உண்டு, செடி செடியாகத் தெரிவதற்காக.

கீரை வகைகளுக்கு 200 மைக்ரோமோல் இருந்தால் திருப்தி, வெள்ளை எல்இடியில் அது ஏறக்குறைய 14,000 லக்ஸ். வசதியாகப் படிக்கும் அறையில் 500 லக்ஸ்தான் இருக்கும் என்பதை நினைத்தால், மேசை மேல் வைத்த செடி ஏன் இளைக்கிறது என்று கேட்க வேண்டாம். விளக்கை இறக்குங்கள். நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் பாதியைத் தூரத்தைப் பற்றிக் கவலைப்படச் செலவிடலாம். இலை நுனி வெளுத்தால் ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள்.

மிச்சமிருக்கும் பெட்டிகளை வீசிவிட வேண்டாம். சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி இரண்டிலும் மூடியில் இருக்கும் பட்டையைக் கழற்றி ஒரு பக்கச் சுவரில் ஒட்டுங்கள். இருட்டில் மூன்று நாள் வளர்ந்த நாற்றுகளை உள்ளே வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் நீலப் பெட்டி நாற்றுகள் எல்லாம் விளக்கைப் பார்த்து வளைந்து நிற்கும். சிவப்பில் பெரும்பாலும் திரும்பியே பார்த்திருக்காது, விளக்கு பக்கத்திலேயே எரிந்தும். வளைவதற்கு ஒளியைப் பிடிக்கும் ஏற்பிக்கு நீலம்தான் தெரியும். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைக் காட்டினேன். வளைந்த ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடை போட்டியாம்மா?" என்றாள்.